பைலுக்குள் போன படம்

அந்த நாட்களில் எங்கள் மேசையில் எந்த நேரமும் ஒரு கத்தரிக்கோல் கிடக்கும். பேப்பர் வெட்டுவதற்கு.

நாங்கள் வந்திறங்கிய குளிர்நாட்டில், அஜின்கோர்ட் என்ற இடத்துக்குப் பக்கத்தில் பதினாலு மாடிக் கட்டடம் அது. எந்த மாடியில் இறங்கினாலும் எங்கள் சனம்தான். மாடிக்கு ஒருவராவது அகதிக் கேஸ் முடியாமல் இருந்தார்கள். ஊரில் என்ன நடக்கிறது என்று விசாரிக்கிறவர்களுக்குக் காட்டவேண்டும், பேப்பரில் வருவதைச் சேர்த்து வையுங்கள் என்று லோயர்மார் சொல்லிவிடுவார்கள். குண்டு விழுந்தது, சுற்றிவளைத்தது, பிடித்துக்கொண்டு போனது என்று வருகிற செய்திகளை எல்லாம் வெட்டி அடுக்குகிற பழக்கம் அப்படித்தான் வந்தது. வெள்ளிக்கிழமை தமிழ்க்கடைக்குப் பேப்பர் வந்ததும் இரண்டு மூன்றாக எடுத்து வருவார்கள். "இந்தக் கிழமை நல்ல கட்டிங் ஒண்டு கிடக்கு" என்று எலிவேற்றருக்குள் ஒருவருக்கு ஒருவர் சொல்லுவார்கள். நல்ல கட்டிங் என்றால் மிகக் கெட்ட செய்தி. அப்போது அது எங்களில் ஒருவருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. இப்போது நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

எங்கள் வீட்டில் வெட்டுகிற வேலை என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். தமிழை ஆறுதலாக, எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இங்கிலிஸ் ஒரு எழுத்தும் தெரியாது. மகனும் மருமகளும் விடிய வேலைக்குப் போய்விடுவார்கள். வெளியே போக எனக்குக் கூச்சம். எலிவேற்றருக்குள் ஒரு வெள்ளைக்காரி சிரித்தால்கூட என் சப்பாத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். பேப்பர் வெட்டுவதற்கு ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லை. அதனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

வெட்டியது எங்களுக்காக அல்ல, எங்களோடு வாடகைக்கு இருந்த பிள்ளைக்காக. அவளும் நானும் ஒரே அறை. இரண்டு மெத்தை, நடுவில் ஒரு சூட்கேஸ். அந்தச் சூட்கேசின் மேல்தான் அவளுடைய கேஸ் பைல் இருக்கும், பச்சை மட்டை போட்டது. அவளுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். புருசனும் நாலு வயதுப் பெண்குழந்தையும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். புருசன்மார் முன்னால் வந்து பெண்சாதிமாரைப் பிறகு எடுப்பதுதான் வழக்கம். ஆனால் ஏஜென்றிடம் இருந்த பாஸ்போட் ஒரு பெண்ணுடையது, அந்த முகம் இவளுக்குப் பொருந்தியது. அதனால் இவள் வந்துவிட்டாள். கேஸில் ஓமென்றால்தான் அவர்கள் இரண்டு பேரையும் இவளால் எடுக்க முடியும். இல்லையென்றால் இவளையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெட்டிகளில் பிஸ்கட் அடைக்கிற ஃபக்டறி வேலை முடிந்து வந்ததும் சப்பாத்தைக் கழற்றமுதல் அவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அன்ரி, லோயரிட்டை இருந்து ஏதும் வந்ததோ?"

மாசியில் ஹியறிங், கேஸ் விசாரணை என்று ஒருநாள் கடிதம் வந்தது. அந்தக் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகமுதல் ஊரில் சனாதிபதித் தேர்தல்.

எங்களுக்கு ஓட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் எண்ணுகிறது எங்கள் கட்டடத்தில்தான் என்பதுபோல இருந்தது. நம்பர் அடித்தால் தமிழில் செய்தி வாசிக்கிற ரெலிபோன் சேவை ஒன்று அப்போது இருந்தது. அன்றைக்கு எப்போது அடித்தாலும் லைன் பிஸி. நாலாம் மாடியில் எங்களுக்கு எதிர்க்கதவு அண்ணையிடம்தான் தமிழ் றேடியோ கேட்கிற பெட்டி இருந்தது. கடைகளில் விற்கிற சாதாரண றேடியோவில் அது எடுபடாது, அதற்கென்று தனிப்பெட்டி. அண்ணை ஊரில் போஸ்ற்மாஸ்ரராக இருந்தவர். கதவை அகலத் திறந்துவைத்து, வாசலில் கதிரையைப் போட்டு, மடியில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு உத்தியோக தோரணையில் இருந்தார்.

தேர்தலில் நின்ற பெண் வென்றுவிட்டா என்று செய்தி வந்ததும் கொறிடோரில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அது என் கண்ணுக்குள் இன்றைக்கும் நிற்கிறது. குளிருக்குப் பயந்து எப்போதும் பூட்டிக் கிடக்கிற கதவுகள் அவை. ஒரு வருசமாக எலிவேற்றருக்குள் முகம் பார்க்காமல் நின்றவர்கள் எல்லாம் அன்றைக்கு ஒருவர் தோளில் ஒருவர் தட்டினார்கள். சமாதானம் கதைப்பேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்டவ, பெண்பிள்ளை, பிள்ளை பெற்றவ, இனிச் சண்டை நிற்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆறாம் மாடியில் இருந்து இறங்கி வந்த ஒருவர் சோபா வாங்குகிறதை நிற்பாட்டப்போவதாகச் சொன்னார். ஊருக்குக் கொண்டுபோக ஏலாதாம். இன்னொருத்தி, நல்லூர்த் திருவிழாவுக்குப் போனால் தன் வீட்டில் இப்போது இருக்கிறவர்களை என்ன சொல்லி எழுப்புவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

என் மகன் மட்டும் கதவில் சாய்ந்துகொண்டு, "உவையள் ஆர் வந்தாலும் ஒண்டுதான்" என்றான்.

அண்ணை கதிரையால் எழும்பவே இல்லை. "தம்பி, நீ போய்ப் பெட்டி அடுக்கு. அரசியலை என்னட்டை விடு."

எல்லாரும் சிரித்தார்கள். மகனும் சிரித்தான். நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். என் மூத்த மகள் மூன்று குழந்தைகளோடு யாழ்ப்பாணத்தில் இருந்தாள். அவளுடைய கடிதம் கைமாறிக் கைமாறி வந்துசேர ஒன்றரை மாதம் ஆகும். குளிக்கச் சவுக்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, விளக்கு வைக்க வழியில்லை என்று எழுதுவாள். கடைசியில் மட்டும் "நாங்கள் சுகம்" என்று இருக்கும். அன்றைக்கு அவளை நினைத்துத்தான் சிரித்தேன்.

நாலு மணிபோல அந்தப் பிள்ளை வேலையால் வந்தாள். எலிவேற்றர் வாசலில் இருந்து எங்கள் கதவுவரைக்கும் ஆள் ஆளாக நின்று அவளுக்குச் செய்தி சொன்னார்கள். அவள் எல்லாருக்கும் "நல்லது, நல்லது" என்று தலையாட்டிக்கொண்டு வந்து, அறைக்குள் போய்க் கோட்டோடேயே மெத்தையில் இருந்துவிட்டாள். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அன்ரி," என்றாள். "சண்டை நிக்கப்போகுது எண்டால், திரும்பிப் போ எண்டு சொல்லமாட்டாங்களே?"

எனக்கு அதுவரைக்கும் அது தோன்றவே இல்லை. அவளுக்காக அத்தனை மாதம் பேப்பர் வெட்டியவள் நான். வெளியே கொறிடோரில் சிரிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. போய் அறைக்கதவைச் சாத்தினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அதற்குப் பிறகு வந்த பேப்பர்களில் வெட்ட ஒன்றும் இல்லை. எல்லாம் பேச்சுவார்த்தை, கடிதம் எழுதினார்கள், பதில் வந்தது என்றே இருந்தது. கேஸ் உள்ளவர்களுடைய முகங்கள் கொறிடோரில் தனியாகத் தெரிந்தன. மற்றவர்கள் சந்தோசமாகக் கதைத்துக்கொண்டிருப்பார்கள், இவர்கள் வந்ததும் குரலைக் குறைப்பார்கள். அண்ணையும் பகிடியை விடவில்லை. "தங்கச்சி, உம்முடைய கத்தரிக்கோல் கறள்பிடிக்கப்போகுது" என்பார். அவள் பக்கத்தில் நின்றால் மட்டும் சொல்லமாட்டார்.

அந்த நாட்களில் ஒன்றில்தான் நான் அந்த வேலையைச் செய்தேன். கீழே லோண்ட்றி அறையில் உடுப்புக் காய்கிறவரைக்கும் காவல் இருந்தேன். நான் இருந்த வாங்கில் யாரோ இங்கிலிஸ் பேப்பர் ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். புரட்டினால் நடுப்பக்கத்தில் அந்தப் புதுச் சனாதிபதியின் படம். கை கும்பிட்டபடி, சேலை உடுத்து, சிரித்த முகம். பக்கத்தில் சனம் நின்று சிரித்தது. என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. படத்தைப் பார்க்க மனம் குளிர்ந்தது. மகளுக்குக் கடிதத்தோடு அனுப்பலாம், பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். கொண்டுவந்து எழுத்தோடு சேர்த்து நேராக வெட்டினேன். மடித்தால் முகத்தில் கோடு விழும். மடிக்காமல் வைக்கிறதுக்கு அந்த அறையில் இருந்த ஒரே இடம் அந்தப் பச்சை பைல். கடிதம் எழுதுகிற அன்றைக்கு எடுக்கலாம் என்று கடைசித் தாளுக்குப் பின்னால் சொருகி வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

கடிதம் எழுதப் பிந்திவிட்டது. தைப்பொங்கல் வந்தது. சண்டை நிறுத்தம் என்று செய்தியும் வந்தது. மகளின் கடிதம் ஒன்று வந்தது. கடைக்குச் சவுக்காரம் வந்திருக்கிறது, அந்தச் சனாதிபதியின் பேரைச் சொல்லிக் காப்பு விற்கிறார்கள், சின்னவள் வேண்டித் தரச்சொல்லி அழுகிறாள் என்று எழுதியிருந்தாள். நான் அதை மூன்று தரம் வாசித்தேன். மூன்றுதரமும் குசினிக்குள் நின்றுதான் வாசித்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் மகன் கோயிலுக்குக் கூட்டிப்போவான். ஒரு மண்டபத்துக்குள் வைத்திருந்த பிள்ளையார். முன்பெல்லாம் எனக்குக் கேட்கிறதுக்கு ஒன்றுதான் இருந்தது. அந்த மாரிக்குளிரில் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன். சமாதானம் வரட்டும் என்று தொடங்குவேன். உடனே அவள் முகம் வரும். பிள்ளையாரே, வரட்டும், ஆனால் மாசி கழிய வரட்டும் என்பேன். பிறகு மகளின் குழந்தைகள் நினைவில் வருவார்கள். இல்லை, இப்பவே வரட்டும், இவளுடைய கேஸையும் ஓமாக்கிவிடு என்பேன். "என்னம்மா இவ்வளவு நேரம்?" என்று மகன் சப்பாத்தோடு வாசலில் நிற்பான்.

ஹியறிங்குக்கு முன்னால் பைலைக் கொண்டுவரச் சொல்லி லோயர் கந்தோரில் இருந்து அவசரமாக ரெலிபோன் வந்தது. அவள் வேலைக்குப் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போனாள். அங்கே வேலைசெய்கிற ஒரு பெட்டை எல்லாவற்றையும் கொப்பி அடித்து, நம்பர் போட்டு, கட்டாகக் கட்டி விசாரிக்கிறவர்களுக்கு அனுப்பியிருக்கிறாள். தமிழ்க் கட்டிங்குகளை மொழிபெயர்க்க ஆள் பார்த்தது. இங்கிலிஸில் இருந்ததை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானோ, மகளின் கடிதம் வந்த சந்தோசத்தில் படத்தை மறந்தே போனேன்.

"அன்ரி, நீங்களும் வாங்கோ. கதைக்கத் தேவையில்லை. பக்கத்திலை இருந்தால் காணும்" என்று அவள் கேட்டாள். என்னைப்போல ஒரு வாய்செத்தவளை அவள் ஏன் கேட்டாள் என்று தெரியவில்லை. வேறு ஆளும் இல்லை. சேலைக்கு மேல் மகனுடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, சப்வேயில் டவுன்ரவுனுக்குப் போனோம்.

யன்னல் இல்லாத சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் விசாரிக்கிற இரண்டு பேர். ஒருவ கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட வயதான அம்மா. மற்றவர் எழுதிக்கொண்டே இருந்த ஒரு மனிதர். இந்தப் பக்கம் அவள், அவளுடைய லோயர், மொழிபெயர்க்க ஒரு இந்தியத் தமிழ்த் தம்பி. நான் சுவரோரம் ஒரு கதிரையில். அவள் நடந்ததைச் சொன்னாள். கொழும்பில் பிடித்துக்கொண்டு போய் வைத்திருந்ததை, வெளியில் விட்டபிறகும் தேடி வந்ததை. அவளோடு ஒரே அறையில் இருந்தும் அதில் பாதி எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என்னுடைய கால்விரல்களை நான் சப்பாத்துக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த அம்மா கண்ணாடியைப் போட்டு ஒரு தாளைத் தூக்கிக் காட்டினா. கை கும்பிட்டபடி, சிரித்த முகம்.

மொழிபெயர்க்கிற தம்பி சொன்னான்: "இது நீங்களே குடுத்த ஆவணம்னு சொல்றாங்க. புது ஜனாதிபதி வந்ததால தமிழ் மக்கள் நம்பிக்கையோட வீட்டுக்குத் திரும்பக் காத்திருக்காங்கன்னு இதுல எழுதியிருக்கு. இதை நீங்க ஏன் குடுத்தீங்கன்னு கேக்குறாங்க."

அவள் அந்தத் தாளைப் பார்த்தாள். லோயரைப் பார்த்தாள். லோயர் தன் கட்டைப் புரட்டினார். அவளுக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அந்த மனிதர் எழுதுவதை நிற்பாட்டிவிட்டு அவளைப் பார்த்தார். ஏதோ பொய் பிடிபட்டதுபோல அந்த அறை இருந்தது.

நான் எழும்பி நின்றது எனக்கே தெரியாது. வகுப்பில் செய்கிறதுபோலக் கையை உயர்த்திக்கொண்டு நின்றேன். "அம்மா, நீங்க உக்காருங்க, நீங்க பேசக்கூடாது" என்றான் தம்பி. அந்த வயதான அம்மா அவனை மறித்து ஏதோ கேட்டா. நான் ஆர் என்று கேட்கிறா என்றான்.

"அதை வெட்டினது நான்" என்றேன். "இவவுக்குத் தெரியாது. எனக்கு இங்கிலிஸ் தெரியாது, படத்தைப் பாத்து வெட்டினனான். என்ர மகள் அங்கை இருக்கிறாள். அவளுக்கு அனுப்ப வைச்சது."

அவன் சொல்லி முடிய, அந்த அம்மா திரும்பவும் ஒன்று கேட்டா. அப்படியென்றால் அங்கே சமாதானம் வந்துவிட்டது என்று நீங்கள் நம்புகிறீர்களா?

இல்லை என்று சொன்னால் அவளுக்கு உதவி. ஆனால் அந்தச் சொல் வாயில் வரவில்லை. மகளின் குழந்தைகளை நினைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"வரவேணும் எண்டு ஆசைப்படுறன்" என்றேன். "வந்திட்டுது எண்டு எனக்குத் தெரியாது. மகளை நான் இஞ்சை வரச்சொல்லேலாது, அதாலை ஆசைப்படுறன். இந்தப் பிள்ளையைப் போகச்சொல்லி நான் சொல்லமாட்டன்."

தம்பி அதை மெல்ல, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினா. அன்றைக்கு முடிவு சொல்லவில்லை. கடிதம் வரும் என்றார்கள்.

வெளியே வந்ததும் லோயர் அவளிடம் இரண்டு வசனம் கதைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போனார். சப்வேயில் எத்தனையோ ஸ்ரேசன் போயிற்று. நான் என் கைப்பையின் பிடியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே, அன்ரி" என்றாள் பிறகு.

"நீ கவலையா இருந்தாய். என்ர சந்தோசத்தை உனக்குக் காட்டக் கூச்சமா இருந்தது."

இறங்குகிற இடத்தில் அவள் என் கோட்டின் மேல் பட்டன் திறந்திருந்ததைப் பார்த்துப் பூட்டிவிட்டாள்.

பங்குனி போனது. கடிதம் வரவில்லை. சித்திரை வருசம் பிறந்து ஒரு கிழமை ஆகமுதல் ஊரில் சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. அண்ணை றேடியோவை உள்ளே கொண்டுபோய்க் கேட்டார். கொறிடோரில் கதவுகள் பழையபடி பூட்டிக்கொண்டன. என் மகன், "நான் அப்பவே சொன்னனான்" என்று ஒருதரமும் சொல்லவில்லை. அவன் சொல்லியிருந்தால் நல்லாயிருக்கும் போல இருந்தது எனக்கு. அவன் அன்றைக்குச் சொன்னது பிழையாய்ப் போயிருந்தால் அதைவிட நல்லாயிருக்கும். மகளிடம் இருந்து கடிதம் நின்றுவிட்டது. அந்த ஐந்து மாதத்தை இப்போது நினைக்கிறபோது கோபம் வருகிறதில்லை. நாங்கள் ஏமாந்தோம் என்று அண்ணை பிறகு கனநாள் சொல்லித் திரிந்தார். எனக்கு அப்படி இல்லை. ஒரு கட்டடம் முழுக்கச் சனம் ஒரே நேரத்தில் ஊருக்குச் சாமான் கட்டியதை அதற்குப் பிறகு நான் ஒருநாளும் காணவில்லை.

வைகாசியில் ஒரு பின்னேரம் அவள் கீழே தபால்பெட்டியைத் திறந்துவிட்டு, எலிவேற்றருக்கும் காத்திராமல் படியால் ஏறி வந்தாள். கடிதத்தைப் பிரித்து வாசித்தாள். திரும்ப வாசித்தாள். அறைக்குள் வந்து என் மெத்தையில், எனக்குப் பக்கத்தில் இருந்தாள். ஓமென்று முடிவு. ஏன் என்று எழுதவில்லை. அவள் சொன்ன உண்மைக்காகவா, திரும்பத் தொடங்கிய சண்டைக்காகவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மகளின் கடிதம் வராமல் நான் இருக்கிறது அவளுக்குத் தெரியும். கடிதத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, மெல்லக் கேட்டாள்.

"அன்ரி, நான் சந்தோசப்படட்டோ?"

"படு பிள்ளை" என்றேன். "உனக்குப் படாமல் ஆருக்குப் படுறது."

அதற்குப் பிறகுதான் அழுதாள்.

கொழும்பில் அப்போது நடுச்சாமம் கழிந்திருந்தது. லொட்ஜுக்குக் கீழே இருந்த தேத்தண்ணிக் கடைக்குத்தான் ரெலிபோன் எடுக்கவேண்டும். அவர்கள் கடை திறக்க எங்களுக்கு எட்டு மணியாகும். நாலு மணித்தியாலம் குசினியில் இருந்து இரண்டு பேரும் மணிக்கூட்டைப் பார்த்தோம். நான் உருளைக்கிழங்கு உரித்தேன். அவள் உரித்ததைத் திரும்பக் கழுவினாள். மகனும் மருமகளும் வேலையால் வந்து, சாப்பிட்டு, அவர்களும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். யன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

எட்டு அடிக்க அவள் நம்பரை அழுத்தினாள். கடைக்காரர் எடுத்தார். மேலே போய்க் கூட்டிவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். றிசீவரைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் கிளாசுகள் தட்டுப்படுகிற சத்தம் எனக்கும் கேட்டது. பிறகு ஒரு ஆண்குரல். அவளுக்குச் சத்தம் வரவில்லை. ஹியறிங் அறையில் நடந்ததுபோல வாய் மட்டும் திறந்தது. சட்டென்று றிசீவரை என் கையில் திணித்துவிட்டாள்.

எனக்கு ரெலிபோன் என்றாலே பயம். மணி அடித்தால் யாராவது எடுக்கட்டும் என்று அறைக்குள் போய்விடுகிறவள்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?" என்றார் அவர். நித்திரைக் குரல். அதற்குப் பக்கத்தில் ஒரு குழந்தை, ஆரப்பா, ஆரப்பா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"தம்பி," என்றேன். "நான் உங்கட மனுசியோடை இருக்கிற அன்ரி. ஓமெண்டிட்டாங்கள். பிள்ளைக்குச் சொல்லுங்கோ."